தென்னம்பிள்ளையின் நிறமும் ரப்பர் கொட்டையின் கோடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோவுக்குப் போகும் சாலையில், தென்னம்பிள்ளை விற்கும் சின்ன நர்சரி ஒன்று இருக்கிறது. அத்தை வீட்டுக் கொல்லையில் நாலு பிள்ளை நடலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் பாத்தியில் மஞ்சள் குட்டை. நூறு பிள்ளை இருக்கும். நூறுக்கும் குருத்து ஒரே மஞ்சள், தண்டு ஒரே தடிமன், அச்சில் வார்த்து வைத்த மாதிரி. அடுத்த பாத்தியில் நெட்டை. அங்கே ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று செம்பழுப்பு. ஒன்று முழங்கால் உயரம் வந்துவிட்டது, அதே நாளில் மண்ணில் வைத்த இன்னொன்று இப்போதுதான் மூக்கை நீட்டுகிறது.

"எல்லாம் ஒரே மரத்துக் காயின்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் ஆளுக்கொரு நெறமா இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

நர்சரிக்காரர் பதில் சொல்லாமல் மஞ்சள் பாத்திப் பக்கம் போய், ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் குட்டைக் காயிலிருந்து வந்ததுதான், ஆனால் குருத்து பழுப்பு. "இது வேற அப்பன் பிள்ளைம்மா," என்றார்.

நான் இங்கே விளக்க வந்தது முழுக்க அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது. ஒரு செடி யாரோடு சேர்ந்து விதை வைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், அந்த இனத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு ஒரே இடத்தில் கலந்து கிடக்குமா, ஊருக்கு ஊர் பிரிந்து நிற்குமா என்பது அமைகிறது. தாவரவியலில் இதை இனப்பெருக்க முறை என்பார்கள். பெயர் கனமாக இருக்கிறது. விஷயம் நம் கொல்லையிலேயே இருக்கிறது.

முதலில் தென்னம்பாளையைப் பார்ப்போம். பாளை வெடித்ததும் உள்ளே கதிர் கதிராகத் தொங்கும். கதிரின் மேல்பகுதி முழுக்க நெல்மணி அளவில் ஆண் பூக்கள், ஒரு பாளைக்கு ஆயிரக்கணக்கில். அடியில் மட்டும் உருண்டையாக ஒன்றோ இரண்டோ பெண் பூ, அதுதான் பிறகு குரும்பை ஆகிறது. நெட்டை மரத்தில் ஆண் பூக்கள் முதலில் திறந்து, ஏறக்குறைய மூன்று வாரம் மகரந்தத்தை உதிர்த்து, விழுந்து முடிந்துவிடும். அதன் பிறகுதான் பெண் பூ மகரந்தம் ஏற்கத் தயாராகும். அப்போது அந்தப் பாளையில் ஆண் பூவே இருக்காது. அடுத்த பாளை பெரும்பாலும் இன்னும் வெடித்திருக்காது. ஆக, தேனீயோ காற்றோ பக்கத்து மரத்திலிருந்து கொண்டுவந்தால்தான் காய். இது அயல் மகரந்தச் சேர்க்கை.

குட்டை மரத்தில் இந்த இரண்டு காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆண் பூ உதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெண் பூ தயாராகிவிடுகிறது. பக்கத்தில் எவ்வளவு மரம் நின்றாலும் தன் மகரந்தம்தான் முந்திக்கொள்ளும். இது தன் மகரந்தச் சேர்க்கை. இரண்டுமே நூற்றுக்கு நூறு இல்லை. நெட்டையும் சில சமயம் தன்னோடு சேரும், குட்டையும் சில சமயம் வெளியில் வாங்கும். அப்படி வெளியில் வாங்கியதுதான் அந்தப் பழுப்புப் பிள்ளை.

சரி, அப்பனும் அம்மாவும் ஒரே மரம் என்றால் என்ன ஆகும்?

ஒவ்வொரு மரபணுவும் செடிக்குள் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒத்த ஜோடி என்று வைத்துக்கொள்வோம். வேறு வேறாக இருந்தால் கலந்த ஜோடி. சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்த ஜோடி உள்ள ஒரு செடி தன்னோடு தானே சேர்ந்து விதை வைக்கிறது. நாலு விதையை எடுத்தால் சராசரியாக ஒன்று சிவப்பு-சிவப்பு, ஒன்று வெள்ளை-வெள்ளை, இரண்டு கலந்தவை. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. இப்போது கவனிக்க வேண்டியது அடுத்த தலைமுறை. சிவப்பு-சிவப்பு ஆன செடி இனி எத்தனை தலைமுறை தன்னோடு சேர்ந்தாலும் சிவப்பு-சிவப்பைத்தான் கொடுக்கும், வெள்ளை வர வழியே இல்லை. கலந்த ஜோடிகள் மட்டும் திரும்பத் திரும்பப் பாதியாகும். 100 இருந்தது 50, 25, 12.5 என்று இறங்கி, ஏழாவது தலைமுறையில் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வருடத்துக்கு இரண்டு போகம் விளையும் பயிர் என்றால், நாலு வருடத்துக்குள் இந்தக் கதை முடிந்துவிடும்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். வேறுபாடு அழிந்துவிட்டது என்று நினைப்பார்கள். சிவப்பு எங்கேயும் போகவில்லை, வெள்ளையும் போகவில்லை. முன்பு இரண்டும் ஒரே செடிக்குள் சேர்ந்து இருந்தன. இப்போது ஒரு வம்சம் முழுச் சிவப்பு, இன்னொரு வம்சம் முழு வெள்ளை. செடிக்குள் இருந்த வேறுபாடு வம்சங்களுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்துக் கல்யாணத்தை வைத்து யோசித்தால் எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டது. தாத்தா காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணை இன்னொரு தோட்டத்துக்குக் கட்டிக் கொடுப்பார்கள். அங்கேயிருந்து இங்கே ஒருத்தி வருவாள். பத்துத் தோட்டமும் இப்படிக் கொடுத்து வாங்கினால், எந்த லயத்தில் போய் நின்றாலும் எல்லாச் சாயலும் இருக்கும். ஒரு லயத்துக்குள்ளே முகத்துக்கு முகம் வித்தியாசம், ஆனால் இந்தத் தோட்டத்தையும் அந்தத் தோட்டத்தையும் மொத்தமாக ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. மாறாக, ஒரு தோட்டத்தார் வெளியே கொடுக்காமலும் எடுக்காமலும் பல தலைமுறை இருந்துவிட்டால், அந்த லயத்துக்குள் எல்லாரும் ஒரே சாயல் ஆகிவிடுவார்கள், ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூட்டத்தில் நின்றால் சட்டென்று தெரிவார். செடியின் தன் மகரந்தச் சேர்க்கை சொந்தத்தில் கட்டுவதை விடப் பல மடங்கு நெருக்கம், அதற்கு மனிதரில் ஈடே இல்லை. வேறுபாடு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்பதற்கு மட்டும் இந்த உவமை போதும்.

நம் முன்னோர் விதைத்த இரண்டு தானியங்களிலேயே இது தெரியும். நெல் பூ திறப்பதற்குள்ளாகவோ திறக்கும் நேரத்திலோ தன் மகரந்தத்தையே ஏற்றுவிடும். அயல் சேர்க்கை சாதாரணமாக 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. அதனால்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் கருங்குறுவையும் பல தலைமுறை பக்கத்துப் பக்கத்து வயலில் விளைந்தும் அதது அதுவாகவே இருக்கிறது. ஒரு வயலுக்குள் வேறுபாடு குறைவு, ரகத்துக்கு ரகம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கம்பு அப்படி இல்லை. கம்புக் கதிரில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி முதலில் வெளியே வந்து காத்திருக்கும், அந்தக் கதிரின் மகரந்தப் பை பிறகுதான் வரும். அதற்குள் காற்று எங்கேயோ இருக்கும் கம்பின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய நாட்டுக் கம்பு வயலில் இரண்டு கதிர் ஒரே மாதிரி இருந்தால் அதிசயம்.

1980களின் கடைசியில் ஹாம்ரிக், காட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நானூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். தன்னோடு சேரும் இனங்களில், மொத்த மரபணு வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் இருந்தது (ஓர் இடத்தில் சேர்ந்து வளரும் ஒரே இனச் செடிகள் ஒரு கூட்டம்). காற்று வழி அயலோடு சேரும் இனங்களில் அது பத்தில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே. பூச்சியும் பறவையும் மகரந்தம் சுமக்கும் இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பூச்சி காற்றைப் போல அத்தனை தூரம் பரவலாகக் கொண்டுபோவதில்லை என்பதை நினைத்தால் இந்த எண்ணின் நியாயம் புரியும்.

தன்னோடு சேரும் செடிக்கு ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. ஒரே ஒரு விதை எங்கேயோ போய் விழுந்தாலும் அது தனியாகவே ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடும், துணை தேவையில்லை. ரோட்டோரக் களைகளில் பல இந்த வித்தையால்தான் ஊர் ஊராகப் பரவுகின்றன. ஆனால் அந்தப் புதுக் கூட்டத்துக்கு முதலீடு அந்த ஒரு விதைக்குள் இருந்த சரக்கு மட்டும்தான். போதாததற்கு, மரபணுக்கள் கலைந்து கலைந்து சேர வாய்ப்பில்லாததால், ஒரு நல்ல மரபணு ஜெயித்தால் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் கூடவே இழுபட்டு ஜெயித்துவிடும், மற்ற வடிவங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதனால் காலப்போக்கில் மொத்தச் சரக்கும் குறையும்.

அப்படியென்றால் எல்லாச் செடியும் ஏன் அயலோடு சேரவில்லை, அல்லது எல்லாம் ஏன் தன்னோடு சேரவில்லை? இந்தக் கேள்வி டார்வினை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. பல இனங்களைத் தன்னோடு சேர்த்தும் அயலோடு சேர்த்தும் வளர்த்து, உயரத்தை அளந்து, விதையை எண்ணி, 1876இல் ஒரு முழுப் புத்தகமாக வெளியிட்டார். தன்னோடு சேர்த்த பிள்ளைகள் பெரும்பாலும் நோஞ்சானாக இருந்தன. கலந்த ஜோடியில் மறைந்து கிடந்த கெட்ட பிரதிகள், ஒத்த ஜோடி ஆனதும் வெளியே வந்துவிடுகின்றன. பல காலமாகத் தன்னோடு சேர்ந்து பழகிய இனங்களில் அந்தக் கெட்ட சரக்கு ஏற்கனவே கழிந்துபோயிருக்கும், அதனால் அவை தாங்கும். நெல் தாங்குகிறது. மக்காச்சோளம் தாங்காது.

அதே 1876இல்தான் நம் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றிய இன்னொரு காரியமும் நடந்தது. ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவில் பால்மரம் பரவியதற்கு ஆரம்பம் இந்தக் கைப்பிடிக் கன்றுகள்தான். அதற்கு வேலை செய்யத்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறினார்கள்.

ரப்பர் கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காய் வெயிலில் "டப்"பென்று வெடித்து மூன்று கொட்டை தெறிக்கும், அதை சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்தால் அலறுவான். வழவழப்பான அந்தத் தோலில் பழுப்பும் சாம்பலுமாகத் தீற்றல்கள் இருக்கும். ஒரு மரத்தின் கீழே பொறுக்கிய கொட்டைகளைப் பரப்பி வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே தீற்றல். அடுத்த மரத்துக்குப் போனால் தீற்றல் மாறும். எங்கள் பெரியப்பா கொட்டையைப் புரட்டிப் பார்த்தே எந்த ஒட்டுமரம் என்று சொல்லிவிடுவார். காரணம் எளிது. கொட்டையின் தோல் தாய் மரத்தின் சதையிலிருந்து உண்டாவது, தந்தைக்கு அதில் பங்கு இல்லை. உள்ளே இருக்கும் முளைதான் இருவருக்கும் பிறந்தது. ரப்பர் பெரும்பாலும் அயலோடு சேரும் மரம், கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு குட்டிப் பூச்சிகள் மகரந்தத்தைச் சுமக்கின்றன. எனவே ஒரே தீற்றல் போட்ட பத்துக் கொட்டைக்குள் பத்து விதமான பிள்ளைகள், பல அப்பன்மார். தோலைப் பார்த்து முளையைக் கணிக்க முடியாது.

இதனால்தான் கொட்டை போட்டு வளர்த்த பழைய பால்மரக் காட்டில் பக்கத்துப் பக்கத்து மரமே அவ்வளவு வேறாக இருந்தது. ஒரு மரத்தில் கிண்ணம் வழியும், அடுத்த மரத்தில் அடி நனையாது. வந்தது 22 கன்றே ஆனாலும் ஒவ்வொன்றும் அயல் சேர்க்கையில் பிறந்தது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏகப்பட்ட கலந்த ஜோடிகள். தன்னோடு சேரும் இனத்தில் 22 விதையை மட்டும் கொண்டுவந்திருந்தால் இந்த அளவு சரக்கு வந்திருக்காது.

பிறகு ஒட்டுக் கட்டும் முறை வந்தது. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து நாற்றின் அடியில் ஒட்டினால், அந்த மரமே மறுபடி வளரும். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அச்சு அசல் அதே ஆள். நம் ஊர்த் தோட்டங்களில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்த ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகம் இப்படிப்பட்டது. அதற்குப் பெற்றோர் ஜாவாவில் தேர்ந்தெடுத்த ஒரு மரமும், பிராங் பெசார் தோட்டத்தின் பிபி 86 என்ற மரமும். அந்தப் பிராங் பெசார் மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. இப்போது இந்த முறையில் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மரத்துக்குள்ளும் கலந்த ஜோடிகள் அப்படியே உறைந்து நிறைய இருக்கின்றன, ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் சுழி. நூறு ஏக்கரும் ஒரே ஆள். பால் வரவு சீராகும், சீவுகிறவர்களுக்கு வசதி. ஒரு நோய்க்கு ஒரு மரம் பணிந்தால் அத்தனையும் பணியும். தென்னமெரிக்காவின் இலைக்கருகல் நோய் இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை, அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கலக்கமாகத்தான் இருக்கும். 1981இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அமேசானுக்கு மறுபடி போய், ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ பகுதிகளிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைக் கொண்டுவந்ததும் இந்தக் குறுகிய அடித்தளத்தை அகலப்படுத்தத்தான்.

பழச் சந்தையிலும் இதே பாடம் உண்டு. மங்குஸ்தீன் கொட்டையை நட்டால் தாயைப் போலவே மரம் வரும், ஏனென்றால் அந்தக் கொட்டைக்கு அப்பன் கிடையாது, தாயின் சதையிலிருந்தே முளை உண்டாகிறது. ஒட்டுக் கட்டாமலே ஒட்டுமரம் மாதிரி. டுரியான் நேர் எதிர். பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்கவே மாட்டா, அதனால் ஒரே ரகத்தை மட்டும் நட்ட தோட்டத்தில் காய் பிடிப்பது குறையும். இரவில் பூக்கும் அந்த மரத்துக்கு மகரந்தம் கொண்டுவருவது பெரும்பாலும் வௌவால். நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலைக் குகைகளிலும் அந்த வகைத் தேன் வௌவால்கள் குடியிருக்கின்றன. இரை தேடி ஓர் இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியவை அவை. அப்படி ஒரு தூதன் இருக்கும்போது, தள்ளித் தள்ளி இருக்கும் கம்பத்து டுரியான் மரங்கள்கூட மரபணு அளவில் ஒரே ஊராக இருக்க முடியும். குகைகள் போனால் அந்த ஊர் துண்டு துண்டாகும்.

விதை எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. பயத்தங்காய் தன்னோடு சேரும் செடி. உங்கள் வேலியில் நாலு கொடியிலிருந்து விதை எடுத்தாலே அந்த வம்சம் கைக்கு வந்துவிடும். ஆனால் தெலுக் இந்தானில் இருக்கும் அக்கா வீட்டுப் பயத்தங்காய் வேறு வம்சமாக இருக்கலாம், அது வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். ஆக, கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஊரில். மக்காச்சோளத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு நல்ல கதிரை மட்டும் தொங்கவிட்டு அடுத்த வருடம் விதைத்தால், சில தலைமுறையில் செடி குட்டையாகி மணி பிடிக்காமல் போகும். நூறு செடிக்குக் குறையாமல், ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து வைக்க வேண்டும். ஊர்கள் குறைந்தாலும் பரவாயில்லை. பூசணியும் அயலோடு சேர்வதுதான், பக்கத்து வீட்டுப் பூசணி உங்கள் விதைக்குள் வந்துவிடும். விதை உறையின்மேல் காய் பெயரை மட்டும் எழுதாமல், எந்த ஊர், எத்தனை தாய்ச் செடி என்பதையும் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்த இரண்டு விவரமும்தான் உதவும்.

அத்தை கடைசியில் மூன்று மஞ்சளும், அந்தப் பழுப்புப் பிள்ளையும் எடுத்துக்கொண்டார். பழுப்பு நன்றாகவே வளரும் என்று நினைக்கிறேன், குட்டைக்கும் நெட்டைக்கும் பிறந்த பிள்ளை பொதுவாகத் திடமாக இருக்கும். தோட்டங்களில் நடும் மாத்தாக் ரகமும் இதே வகைக் கலப்புதான், குட்டைத் தாயின் ஆண் பூக்களைத் திறக்கும் முன்னே வெட்டிவிட்டு, பிலிப்பைன்ஸ் நெட்டையின் மகரந்தத்தைச் சேர்த்துச் செய்வது. ஆனால் அந்தப் பழுப்பு மரத்தின் காயை விதைக்கு வைக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஏகப்பட்ட கலந்த ஜோடி, பிள்ளைகள் நெட்டையும் குட்டையுமாகச் சிதறும். குழம்புக்கு அரைத்துக்கொள்ளலாம். விதைக்கு மஞ்சள் மரத்துக் காயை எடுத்து, முளை வந்ததும் குருத்தைப் பார்க்கச் சொன்னேன். மஞ்சளாக வந்தால் பெரும்பாலும் அதன் சொந்தப் பிள்ளை. பழுப்பு எட்டிப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நெட்டைகளில் ஏதோ ஒன்று அப்பன்.